ஒரே ஊருக்கு இரண்டு பெயர்

பெல்ஜியம் நாட்டுக்குப் படிக்கவும் உத்தியோகம் பார்க்கவும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள். அவர்களைப் பார்த்துவரப் பெற்றோர்களும் பெட்டி கட்டுகிறார்கள். பணமும் பாஸ்போர்ட்டும் பத்திரமாக இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நாட்டில் பல ஊர்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. இரண்டையும் அறியாதவர் ரயிலைத் தவறவிடுவார். நாம் தவறவிட்டோம், ஆகையால் சொல்லுகிறோம்.

லூவன் நகரத்து ரயில் நிலையத்தில் ஒரு மாலை வேளையில் லியேஜ் போகும் வண்டிக்காகக் காத்திருந்தோம். 'லோய்க்' என்ற ஏதோ ஓர் ஊருக்கு வண்டி ஒன்று வந்து போயிற்று. சற்று நேரம் கழித்து மற்றொன்றும் போயிற்று. லியேஜ் வண்டியை மட்டும் காணோம். பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் நமது டிக்கட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, போன இரண்டும் நம்முடைய வண்டிகளே என்றார். பிரெஞ்சுக்காரர் லியேஜ் என்பதை டச்சுக்காரர் லோய்க் என்பார்களாம்!

இதன் விவரம் இதுதான். தலைநகரமாகிய பிரஸ்ஸல்ஸும் அதைச் சேர்ந்த 19 நகராட்சிகளும் பிரெஞ்சு, டச்சு ஆகிய இரு பாஷைகளுக்கும் பொது. அங்கே தெருப் பலகை முதல் ரயில் அறிவிப்பு வரை எல்லாம் இரண்டிலும் இருக்கும். நகரத்தை விட்டு வடக்கே போனால் டச்சு மட்டும்; தெற்கே போனால் பிரெஞ்சு மட்டும். ஓடும் ரயிலிலேயே எல்லை கடந்ததும் அறிவிப்பின் பாஷை மாறிவிடும். மோன்ஸ் என்ற ஊர் பெர்கன் ஆகும். பிரான்ஸ் தேசத்து லீல் நகரம்கூட ரெய்செல் ஆகிவிடும்.

பிரஸ்ஸல்ஸில் லண்டன், பாரிஸ் ரயில்கள் புறப்படும் பெரிய நிலையத்துக்குப் பிரெஞ்சில் 'மிடி', டச்சில் 'ஸோய்ட்'. இரண்டுக்கும் தெற்கு என்றே பொருள். 'பிரஸ்ஸல்ஸ் சவுத்' என்ற பெயருடைய விமான நிலையமோ அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஷார்லெருவா நகரத்தருகே இருக்கிறது! டிக்கட்டில் ஷார்லெருவா என்று கண்டால் வெகு முன்னதாகவே புறப்படவேண்டும். பிரதான விமான நிலையம் ஸாவென்டம். அங்கிருந்து நகரத்தின் மத்திக்கு ரயிலில் இருபது நிமிஷத்துக்குள் வந்துவிடலாம்.

மாணவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். 1425-ல் தோன்றிய லூவன் சர்வகலாசாலை, பாஷைச் சண்டை முற்றியதன் பயனாக 1968-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. டச்சுப் பகுதி பழைய ஊரில் தங்கியது. பிரெஞ்சுப் பகுதிக்காக 'லூவேன்-லா-நெவ்' என்ற புது நகரமே நிர்மாணித்தார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர். அநுமதிக் கடிதத்தில் எந்த லூவன் என்று பார்த்த பிறகே அறை பிடிக்கவேண்டும்.

விசா ஷெங்கன் விசா. 180 நாட்களுக்குள் 90 நாள் வரை தங்கலாம். லண்டனுக்கும் போய்வர எண்ணுகிறவர்கள் அதற்குத் தனி விசா வாங்கவேண்டும். நாணயம் யூரோ. ஆபத்து நேர்ந்தால் 112 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். குழாய் நீரைத் தயங்காமல் குடிக்கலாம். சைவ உணவினருக்கு முக்கியமான விஷயம்: அவ்வூரின் புகழ்பெற்ற உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். எதில் பொரித்தது என்று கேட்காமல் வாயில் போடவேண்டாம்.

எந்தப் பாஷையில் பேசுவது? பிரஸ்ஸல்ஸில் பிரெஞ்சு பேசுவோரே மிகுதி. இங்கிலீஷும் பெரும்பாலும் செல்லும். டச்சு ஊர்களில் பிரெஞ்சில் ஆரம்பிப்பதைவிட இங்கிலீஷில் ஆரம்பிப்பது நலம். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நகைக்கலாகாது. 1830-ல் நாடு சுதந்திரம் பெற்றபோது சட்டமும் உத்தியோகமும் உயர்கல்வியும் பிரெஞ்சின் வசமாயின. டச்சு பேசும் குடியானவன் தன் வழக்கைத் தன் பாஷையில் சொல்ல வழியின்றி நின்றான். 1898-ல்தான் டச்சில் எழுதிய சட்டத்துக்கும் சம அந்தஸ்து கிடைத்தது. அந்நிய பாஷையில் விண்ணப்பம் எழுதிக் கைகட்டி நின்ற தலைமுறையின் பேரர்களாகிய நமக்கு இந்த ரோஷம் விளங்காமற் போகாது.

ஆகவே புறப்படுமுன் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் போகவேண்டிய ஊர்களை ஒரு புறம் பிரெஞ்சிலும், மறுபுறம் டச்சிலும் எழுதிக்கொள்ளுங்கள். நாம் அன்று வீடு போய்ச் சேர்ந்தபோது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது, சாப்பாடும் ஆறிவிட்டது. நேயர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.