பழைய பம்ப்செட் மோட்டாரில் பாலிஷ் சக்கரம் மாட்டலாமா?

கேள்வி: ‘கிணற்றிலிருந்து கழற்றிய 1 ஹெச்.பி மோனோபிளாக் மோட்டார் ஒன்று கொட்டகையில் சும்மா கிடக்கிறது. அதில் 10 அங்குலச் சக்கரம் மாட்டி, வீட்டுப் பித்தளைப் பாத்திரங்கள், குத்துவிளக்குகளுக்குப் பாலிஷ் போடவும், அரிவாள், மண்வெட்டிக்குச் சாணை பிடிக்கவும் பயன்படுத்தலாமா? அல்லது புதிதாக மோட்டார் வாங்க வேண்டுமா?’
- தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

பதில்: அந்த மோட்டாரைப் பயன்படுத்தக் கூடாது. அது ஓடும் நிலையில் இருந்தாலும் இதே பதில்தான். மோட்டாரின் ஹெச்.பி-யைப் பார்த்து முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. பாலிஷ், சாணை இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் விளிம்பு வேகம்.

விளிம்பு வேகம் என்றால் என்ன?

மோனோபிளாக் மோட்டார்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்றுகள் சுற்றும். 10 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். இதை அந்த மோட்டாரில் மாட்டினால், சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 38 மீட்டர் வேகத்தில் ஓடும். அதாவது, மணிக்குச் சுமார் 137 கிலோமீட்டர். சாதாரணச் சாணைக் கற்களில் நொடிக்கு 33 அல்லது 35 மீட்டர்தான் உச்ச வேகமாக அச்சிட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் கல் வெடித்துச் சிதறலாம். சிதறும் துண்டு, அதே வேகத்தில் முன்னால் நிற்பவர் முகத்துக்கு வரும்.

அதே மோட்டாரில் 8 அங்குலச் சக்கரம் என்றால் விளிம்பு வேகம் நொடிக்கு 31 மீட்டர். 6 அங்குலம் என்றால் 23 மீட்டர். 1,440 சுற்று மோட்டாரில் 8 அங்குலச் சக்கரம் மாட்டினால் 15 மீட்டர் மட்டுமே. எனவே, மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள சுற்று எண்ணிக்கையையும், சக்கரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச சுற்று எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். எண் அச்சிடாத சக்கரத்தை வாங்கவே கூடாது.

மோனோபிளாக்கில் வேறு சிக்கலும் உண்டு. அதன் தண்டு, தண்ணீர் இறைக்கும் இம்பெல்லருக்காகச் செய்யப்பட்டது. வெளியே நீளம் குறைவு. பாத்திரத்தைப் பிடித்துத் திருப்ப இடம் இருக்காது. சக்கரத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் தட்டுகளும் அதில் பொருந்தாது. பட்டறையில் கொடுத்துத் தண்டை நீட்டினால், ஆட்டம் கண்டு பேரிங் கெடும்.

எந்த மோட்டார் வாங்கலாம்?

வீட்டு உபயோகத்துக்கு, இரண்டு பக்கமும் தண்டு நீண்டிருக்கும் அரை ஹெச்.பி சிங்கிள் பேஸ் மோட்டார் போதும். பாலிஷுக்கு மட்டும் என்றால், 1,440 சுற்று மோட்டாரில் 8 அங்குலத் துணிச் சக்கரம் மாட்டலாம். வேலை சற்று மெதுவாக நடக்கும். ஆனால், பழகாத கைக்கு அதுதான் நல்லது. சாணையும் சேர்த்து வேண்டுமானால், 2,880 சுற்று மோட்டாரில் 6 அங்குலச் சக்கரம் சரியாக இருக்கும். கால் ஹெச்.பி மோட்டார், பாத்திரத்தை அழுத்தியதும் திணறி நின்று சூடாகும்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்கவும். ஒன்று, முழுவதும் மூடிய உடலும், பின்பக்கம் விசிறியும் இருக்க வேண்டும். திறந்த மோட்டாருக்குள் உலோகத்தூளும் துணிப்பஞ்சும் புகுந்து காயிலைக் கெடுக்கும். இரண்டு, புஷ் வேண்டாம். பால் பேரிங் இருக்க வேண்டும். மூன்று, இடப்பக்க நட்டு இடது மரையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஓட ஓட நட்டு கழன்று சக்கரம் வெளியே வரும்.

மிக்ஸி மோட்டார் பக்கமே போக வேண்டாம். சுமை இல்லாதபோது அதன் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும்.

இணைப்பும் முக்கியம்

விவசாய இலவச மின் இணைப்பில் இந்த மோட்டாரை ஓட்டக் கூடாது. அது பாசனத்துக்காகக் கொடுக்கப்பட்டது. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவின்கீழ் அபராதக் கட்டணம் வரும். வீட்டு இணைப்பில், எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில், இ.எல்.சி.பி வழியாகவே இணைக்க வேண்டும். கூலிக்குப் பாலிஷ் போட்டுக்கொடுக்கும் எண்ணம் இருந்தால், எந்தக் கட்டண வகையில் வரும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

வேலை செய்யும் முறை

பித்தளைக்கு முதலில் தையல் போட்ட துணிச் சக்கரத்தில் பழுப்பு பாலிஷ் கட்டியைத் தடவித் தேய்க்க வேண்டும். பிறகு தையல் இல்லாத மெத்தென்ற சக்கரத்தில் சிவப்புக் கட்டி. எவர்சில்வருக்குப் பச்சைக் கட்டி. ஒரு சக்கரத்துக்கு ஒரு கட்டிதான். மாற்றித் தடவினால் கீறல் விழும்.

சக்கரம் மேலிருந்து நம் பக்கமாகக் கீழ்நோக்கிச் சுற்ற வேண்டும். பாத்திரத்தைத் தண்டின் மட்டத்துக்குக் கீழே, சக்கரத்தின் கீழ்ப்பாதியில் பிடிக்கவும். விளிம்பை மேல்நோக்கிக் காட்டினால், சக்கரம் அதைப் பிடுங்கி வீசிவிடும். வேட்டி நுனி, தோள்துண்டு, சேலைத் தலைப்பு, தளர்ந்த கையுறை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. சங்கிலி, கொலுசு போன்றவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பாலிஷ் போடவே கூடாது, விரலோடு சுற்றிக்கொள்ளும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். புதுச் சக்கரம் மாட்டினால், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்ட பிறகே வேலையைத் தொடங்கவும்.

எதைத் தொடக் கூடாது?

ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தைச் சக்கரத்தில் காட்டக் கூடாது. பூச்சு போய்விட்டால், புளிக்குழம்பும் ரசமும் நேரடியாகப் பித்தளையில் பட்டு நஞ்சாகும். வெளிப்புறம் மட்டும் பாலிஷ் போட்டு, வெந்நீரும் சோப்பும் கொண்டு நன்றாகக் கழுவிய பிறகே சமைக்க வேண்டும்.

தெளிப்பானின் பித்தளை நாசிலையும் பளபளப்பாக்க வேண்டாம். துளை சிறிது பெரிதானாலும் மருந்து கூடுதலாகப் பாயும். கருக்கரிவாளைச் சாணையில் வைத்தால் பல் போய்விடும். மற்ற அரிவாள்களை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டே சாணை பிடிக்கவும். முனை நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அலுமினியத்தைச் சாணைக்கல்லில் தேய்க்கவே வேண்டாம். கல்லின் துளைகள் அடைபட்டுச் சூடேறி உடையும்.

பொங்கலுக்குப் பொங்கல் நாலு பாத்திரம், இரண்டு குத்துவிளக்கு மட்டும்தான் என்றால், மோட்டாரே தேவையில்லை. புளியும் சாம்பலும் போதும். மாதந்தோறும் வேலை இருப்பவர்கள் மட்டும் மோட்டாருக்குச் செலவு செய்யலாம். கொட்டகையில் கிடக்கும் மோனோபிளாக்கின் காயிலைச் சரிபார்த்து, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வைத்துக்கொள்வதே நல்லது.