கொலோன் பார்த்தீர்களா?

ஓடிகொலோன் பிறந்த ஜெர்மானிய ஊருக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் காட்டுவது ஒரே படம்: 157 மீட்டர் உயர இரட்டைக் கோபுரப் பேராலயம். "எவ்வளவு பழசு!" என்கிறார்கள். அந்தக் கோபுரங்கள் முடிந்ததே 1880-இல்தான் ஐயா!

"மற்றதெல்லாம் சின்னச் சர்ச்சுகள்" என்றார் எங்கள் வழிகாட்டி. நான் கேட்கவில்லை. கால் மணி நேரம் நடந்து புனித கெரெயோன் ஆலயத்துக்குப் போனேன். தடித்த சுவர், அரைவட்ட வளைவுகள், ரோமனெஸ்க் பாணி. பத்துப் பக்கச் சுவர்மேல் எழும் விதானம் 1227-லேயே முடிந்துவிட்டது. அடியில் ரோமானியர் கட்டிய சுவர் இன்னும் இருக்கிறது. போரில் குண்டுபட்டுச் சிதைந்ததைப் பல்லாண்டு உழைத்து மீட்டிருக்கிறார்கள். உள்ளே என்னோடு சேர்த்து மூன்றே பேர்!

பழைய நகரில் இப்படிப் பன்னிரண்டு ஆலயங்கள். ஒன்றைக்கூடக் காட்டாமல் பஸ்ஸில் ஏற்றுவதற்குப் பெயர் சுற்றுலாவா? வாசனைத் தைலம் வாங்க மட்டும் முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள்.