ஏடெழுதியவர் யார்?

அண்மையில் எங்கள் கல்லூரிக் கருத்தரங்கொன்றில், மனநல மருத்துவமனைகளின் அலுவலகப் பதிவேடுகளைக் கொண்டு ஆய்வு செய்வது பற்றிப் பேச்சு எழுந்தது. "பதிவேடு பொய் சொல்லாது ஐயா, கதை எழுதுகிறவர்கள்தாம் சொல்வார்கள்" என்றார் புள்ளியியல் துறை நண்பர். அவை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொய் சொல்லாதுதான். ஆனால் அது யாரைப் பற்றிப் பேசுகிறது? டென்மார்க்கைப் பாருங்கள். நாடு முழுவதும் மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தோர் விவரத்தை 1969 முதல் கணினியில் பேணிவரும் நாடு அது. அந்த ஏட்டை மட்டும் நம்பினால், 1980களின் தொடக்கத்தில் பிறந்தவர்களைவிடப் பின்னர்ப் பிறந்தவர்களிடையே ஆட்டிசம் பெருகிவிட்டதாகவே தோன்றும். நடந்தது வேறு. 1994இல் நோய்களை வகைப்படுத்தும் பன்னாட்டுப் பட்டியலின் எட்டாம் பதிப்பைக் கைவிட்டுப் பத்தாம் பதிப்புக்கு மாறினார்கள். 1995இல் புறநோயாளிகளையும் ஏட்டில் சேர்த்தார்கள். 1980 முதல் 1991 வரை பிறந்த ஏறத்தாழ 6,78,000 பேரின் பதிவுகளை அலசி 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தப் பெருக்கத்தில் 60 விழுக்காட்டுக்கு இவ்விரு மாற்றங்களே காரணம் என்று கண்டது. குழந்தைகள் மாறியதைவிட, குறித்துக்கொள்ளும் விதி மாறியதே மிகுதி!

சுவடி பதிப்பிப்போருக்கு இதில் வியப்பில்லை. ஏடெழுதியவர் யார், யாருக்காக எழுதினார், செல்லரித்த இடம் எது என்று கேளாமல் நாம் பாடம் கொள்வதில்லை. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து பல சுவடிகளை ஒப்பிட்டதும் இதற்காகத்தானே? மருத்துவமனை ஏடு சிகிச்சைக் கணக்குக்காக எழுதப்பட்டது. அதை நோயின் கணக்காகப் படிப்பது பிழை. (பெயரை அழித்துவிட்டால் அறம் முடிந்தது என்போரோடு இன்னொரு நாள் மல்லுக்கு நிற்கிறேன்.)

நம் நாட்டில் இப்பிழை இன்னும் கொடியது. 2015-16இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் மக்களிடம் நேரில் சென்று நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதவர்கள். அவர்களை எந்த ஏட்டில் தேடுவது? மருத்துவரே இல்லாத வட்டாரத்தில் பதிவு குறைவாகத்தான் இருக்கும். அதைக் காட்டி "அங்கே நோய் குறைவு" என்று ஒருவர் அட்டவணை போட்டால், அங்கே மருத்துவர் எதற்கு என்று அடுத்தவர் கேட்பார்.

ஏட்டைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. அந்த 60 விழுக்காட்டைக் கண்டதும் அதே ஏட்டைக் கொண்டுதான். முதல் அட்டவணைக்கு முன் ஒரு பக்கம் கேட்கிறேன்: பதிவு எப்போது தொடங்கியது, விதி எந்த ஆண்டு மாறியது, விடுபட்டவர் யார்? சுவடியியல் தாள் எழுதும் என் முதுகலை மாணவி இதைக் கையாலேயே எழுதித் தருகிறாள். கணினி வைத்திருக்கும் நண்பருக்கு என்ன தடையோ?