ஐந்து நான்கை விடத் திறமா?

பதுளை, பசறை, வெலிமடைப் பக்கம் ஹாட்வெயார், உதிரிப்பாகக் கடை நடத்தும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்திலிருந்து ஆள் வந்து கியர் ஒயில் கேட்டால், ஜீ.எல்.5 போத்தலை எடுத்து நீட்டுவது நம்மில் பலரது வழக்கம். ஐந்து என்றால் நான்கை விடத் திறம் என்ற எண்ணம். அது பிழை.

போத்தலில் 90, 140 என்பது எண்ணெயின் தடிப்பு. ஜீ.எல்.4, ஜீ.எல்.5 என்பது அதில் கலந்த இரசாயனத்தின் வீரியம். ஐந்தாம் வகை வாகன டிபரன்ஷலுக்கானது. கந்தகமும் பொஸ்பரசும் கூடுதல். உருக்குப் பற்களுக்கு அது காவல். ஆனால் பழைய இயந்திரங்களின் வோம் கியர் பெட்டியில் உருக்குத் தண்டு சுழற்றுவது வெண்கலச் சக்கரத்தை. பெட்டி சூடேறினால் அந்தக் கந்தகம் வெண்கலத்திலுள்ள செம்பை அரிக்கும். சக்கரம் கறுக்கும், பல் தேயும். வடிக்கும் எண்ணெயில் பொன்னிறத் தூள் மின்னும்.

தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் பறித்த கொழுந்து காத்திருக்காது. பழைய இயந்திரத்தின் சக்கரம் கடையிலும் கிடைக்காது. வார்த்துக் கடைய வேண்டும். ஒரு போத்தலில் நாம் கண்ட இலாபம் இதற்கு முன் எம்மாத்திரம்?

ஆகவே விற்குமுன் கேளுங்கள்: என்ன இயந்திரம், உள்ளே வெண்கலமா, தகட்டில் எந்த ஒயில் எழுதியிருக்கிறது? வோம் பெட்டிக்கென்றே ஒயில் உண்டு; பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 460, தடிப்பில் 140க்குக் கிட்ட. லேபலில்லாத பீப்பாய் ஒயிலை எதற்கும் அளந்து கொடுக்காதீர்கள். சரியான ஒயில் கைவசம் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அன்றைய விற்பனை போகலாம், வாடிக்கையாளர் போகமாட்டார்.