அளவைச் சொல், விலை பேசுவோம்!

"பத்தே ரூபாய்!" என்று பறைசாற்றுகிறது கடையில் தொங்கும் பொட்டலம். எத்தனை கிராமுக்குப் பத்து ரூபாய் என்பதை மட்டும் எறும்பு எழுத்தில் ஒளித்து வைக்கிறது. விலையை முழங்கி அளவை மறைப்பது வணிகமா, வஞ்சகமா?

1967 தேர்தலில் அறிஞர் அண்ணா மக்கள் முன் வைத்த சொல் என்ன? 'அரிசி மலிவாகும்' என்று மொட்டையாகவா சொன்னார்? ரூபாய்க்கு மூன்று படி என்றார்! ஒரு தட்டில் காசு, மறு தட்டில் அளவு. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கப்பட்டது. "மூன்று எங்கே?" என்று மாற்றார் கேட்டனர். கேட்க முடிந்ததே, அளவோடு சொன்னதால்தான்! கலைஞர் ஆட்சியிலும் 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் கிலோ 1 ரூபாய் என்றே அரிசி விலை அறிவிக்கப்பட்டது. அளவோடு சொன்ன விலையைத்தான் ஏழை சரிபார்க்க முடியும்.

அந்த நேர்மை அங்காடியில் உண்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடையில் சலவைத்தூள் 400 கிராம் 52 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராமுக்கு 13 காசு. அடுத்த கடையில் 'குடும்பப் பொட்டலம்', 900 கிராம் 126 ரூபாய்; கிராமுக்கு 14 காசு! பெரியதெல்லாம் மலிவு என்பதும் ஒரு மூடநம்பிக்கையே, தோழர்களே!

எண்ணெயிலே இன்னொரு வித்தை. கடலை எண்ணெய் இங்கே கிலோ 200 ரூபாய், அங்கே லிட்டர் 190 ரூபாய் என்றால், பத்து ரூபாய் மிச்சம் என்று அங்கே ஓடாதீர்கள். லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம்தான். அந்தக் கணக்கில் அங்கே கிலோ 209 ரூபாய்!

பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகள் 2021-ல் திருத்தப்பட்டன. கிலோவுக்குக் குறைந்தால் கிராம் விலையையும், மிகுந்தால் கிலோ விலையையும் அச்சிட வேண்டும் என்றாயிற்று. நல்லது. ஆனால் தேயிலை, பிஸ்கட் போன்றவற்றை இன்னின்ன அளவில்தான் அடைக்கவேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை அதே திருத்தம் நீக்கிவிட்டது. இனிப் பொட்டலம் எந்த எடைக்கும் இளைக்கலாம். விலை மட்டும் கொழுத்தே நிற்கலாம். நம் கண்தான் காவல்!

கணக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? பெரிய பொட்டலமே மலிவு என்று கண்டாலும், அன்றாடக் கூலி வாங்கும் தோழன் 50 கிராம் தேயிலைக்குமேல் எப்படி வாங்குவான்? கால் கிலோ வாங்குகிறவனைவிட இவன் கிராமுக்குக் கூடுதல் காசு கொடுக்கிறான். இருப்பவனுக்குச் சலுகை, இல்லாதவனுக்குத் தண்டம்! இது அவன் அறியாமை அல்ல. அவன் வறுமைக்கு விதிக்கப்பட்ட வரி. ஐந்து வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டால் அந்த வரி ஒழியும். கூட்டுறவு என்பதன் பொருளே அதுதானே!

விற்பனை விலையோடு அளவு விலையையும் தெளிவாகக் காட்டவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே ஆணையிட்டது. இங்கும் கடைத் தட்டுகளில், பெரிய தமிழ் எழுத்தில், எல்லாப் பொருளுக்கும் கிலோ விலை எழுதப்பட வேண்டும். இது நம் கோரிக்கை.

அதுவரை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. கிளைக் கழகத் தோழர்களே! படிப்பகத்தில் ஒரு கரும்பலகை இருக்கும். அதில் உங்கள் ஊர்க் கடைகளில் பத்துப் பொருள்களின் கிலோ விலையை வாரந்தோறும் எழுதுங்கள். தாய்மார்கள் அதைப் பார்த்துக் கடைக்குப் போகட்டும்.

நம் உழைப்பை மணிக்கணக்கில் அளந்துதான் கூலி தருகிறார்கள். அந்தக் கூலியை நாம் மட்டும் ஏன் அளக்காமல் கொடுக்கவேண்டும்?