மடிப்புக் காமிரா காட்சிப் பொருளா?

சில வீடுகளில் பழைய மடிப்புக் காமிராவைக் கிராமபோனுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். அது அங்கே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. பள்ளியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில், லென்ஸ் தாங்கிக்கும் மெழுகுவர்த்திக்கும் அருகில் இருக்க வேண்டிய கருவி அது.

ஜெர்மனியில் சைஸ் ஐகான் நிறுவனம் 1929-இல் வெளியிட்ட ‘ஐகோண்டா’வை எடுத்துக் கொள்வோம். 6 × 9 செ.மீ. நெகட்டிவ் தரும் காமிரா அது. அவ்வளவு பெரிது எதற்கு? படத்தைப் பெரிதாக்கும் கருவி அன்று எல்லாரிடமும் இல்லை. நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து ஒளி பாய்ச்சி, அதே அளவில் படம் போட்டுக் கொள்வார்கள். ஆகவே பெரிய படம் வேண்டுமானால் பெரிய நெகட்டிவ் வேண்டும். அதை நிரப்ப 105 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் வேண்டும். அப்படியானால் தொலைவிலுள்ள மலையைப் பிடிப்பதற்கே லென்ஸ் பிலிமிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் தள்ளி நின்றாக வேண்டும். வாங்குபவரோ கோட்டுப் பைக்குள் அடங்கும் காமிரா கேட்கிறார்!

இந்த இழுபறிக்கு விடைதான் மடிப்பு. பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறக்கிறது. வில்லின் விசையால் உலோகக் கைகள் நிமிர்ந்து, லென்ஸை முன்னே தள்ளி, ‘டக்’கென்று பூட்டிக் கொள்கின்றன. கறுப்புத் துருத்தி விரிந்து இருட்டறையாகிறது. அந்தக் கைகளில் ஒன்று சற்று வளைந்து போனாலும் லென்ஸ் சாய்ந்துவிடும். படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும்.

இப்போது 2 மீட்டர் தூரத்தில் நிற்கும் உங்கள் தம்பியைப் படம் எடுக்க வேண்டும். பாடத்தில் படித்த லென்ஸ் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். பிம்பம் விழும் தூரம் ஏறத்தாழ 110.8 மி.மீ. அதாவது லென்ஸ் இன்னும் 6 மி.மீ. முன்னே போக வேண்டும். கைகள்தான் பூட்டிக் கொண்டனவே, என்ன செய்வது? மூன்று கண்ணாடிகள் கொண்ட லென்ஸில் முன்கண்ணாடியை மட்டும் மறையில் திருகி, சிறிது வெளியே கொண்டு வருகிறார்கள். கண்ணாடிகளின் இடைவெளி மாறுவதால் குவியத் தூரமே கொஞ்சம் குறைந்துவிடுகிறது! அருகிலுள்ள பொருள்களின் தெளிவு ஓரளவு குறையும் என்பது உண்மை. இதைக் குறை என்பார்கள். விலையையும் எடையையும் கணக்கிட்டால் எனக்கு இது நியாயமான பேரமாகவே படுகிறது.

துருத்தியிலும் ஒரு வேடிக்கை உண்டு. சட்டென்று விரித்தால் அது காற்றை உறிஞ்சும். பிலிம் முன்னால் புடைத்துக் கொள்ளலாம். அதனால் அனுபவசாலிகள் காமிராவைத் திறந்த பிறகே பிலிமைச் சுற்றுவார்கள்.

“கைபேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பீர்கள். கைபேசியின் முதன்மை லென்ஸின் குவியத் தூரம் சில மில்லிமீட்டரே. மடிக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் தொலைவுப் படத்துக்கு நீண்ட குவியத் தூரம் தேவைப்பட்டபோது, சில கைபேசிகளில் ஒளியின் பாதையையே பட்டகத்தால் திருப்பி உள்ளே படுக்க வைத்திருக்கிறார்கள். பழைய இழுபறிதான். ஆனால் கைபேசியைத் திறந்து உங்களால் பார்க்க முடியாது. மடிப்புக் காமிராவைப் பார்க்க முடியும்.

யாரிடமாவது ஒன்று இருந்தால் கேட்டு வாங்குங்கள். 1901-இல் வந்த 120 அளவுப் பிலிம் இன்றும் தயாராகிறது, விலைதான் அதிகம். பிலிம் இல்லாமலே தொடங்கலாம். முதலில் இருட்டறையில் துருத்திக்குள் சிறு டார்ச்சை வைத்து, மடிப்பு மூலைகளில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள். பிறகு பின்கதவைத் திறந்து, பிலிம் இருக்கும் இடத்தில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டுங்கள். ஷட்டரைத் திறந்தபடி பிடித்து, வெயிலில் நிற்கும் தொலைமரத்தை நோக்கித் திருப்புங்கள். மரம் தலைகீழாகத் தாளில் விழும். லென்ஸிலிருந்து தாள் வரை அடிக்கோலால் அளந்து, லென்ஸின் விளிம்பில் பொறித்துள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.