"ஏதாவதொரு தொழிலைப் பழகு"

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் வேளைகளில், பல்கலைக்கழக அனுமதி கிட்டாத பிள்ளைகளை நோக்கி எமது வீடுகளில் சொல்லப்படும் வாசகம் ஒன்றுண்டு: "ஏதாவதொரு தொழிலைப் பழகு." அந்த 'ஏதாவது' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

மருத்துவமா, பொறியியலா என்று மாதக்கணக்கில் விவாதிக்கும் பெற்றோர், மின்னிணைப்பா, குழாய் பொருத்துதலா, வெல்டிங்கா, குளிரூட்டித் திருத்தமா என்று ஒரு மாலைப்பொழுதேனும் பேசுவதில்லை. இவை ஒன்றுக்கொன்று மாற்றீடுகளா? மின்னிணைப்பாளனுக்குச் சுற்று வரைபடம் வாசிக்கத் தெரிய வேண்டும். வெல்டிங் செய்பவனுக்கு நடுங்காத கையும் கூர்ந்த கண்ணும் வேண்டும். ஆனால் நடப்பது என்ன? அயல்வீட்டுப் பையன் சேர்ந்த வகுப்பில் இவனும் சேர்கிறான். பெண்பிள்ளையாயின் தையல் அல்லது அழகுக்கலை. அதற்கப்பால் அவளுக்குத் தெரிவே கிடையாது.

இந்த அலட்சியத்தின் வேர் சாதியில் இருக்கிறது. தச்சும் கொல்லும் இன்னாருக்குரியவை என்று பிறப்போடு முடிச்சுப் போட்ட சமூகம் நாம். அதே மகன் ரொறன்ரோவில் மரவேலை செய்தால், "கட்டுமானத் துறையில் இருக்கிறார்" என்று கல்யாணப் பேச்சில் பெருமையோடு சொல்கிறோம். ஒன்ராறியோவில் மின்னிணைப்பாளராகத் தகுதி பெறுவதற்கான பயிலுநர் காலம் ஏறத்தாழ 9,000 மணித்தியாலங்கள். அதனைத் தோற்றவர்களின் புகலிடம் என்று அங்கு யாரும் கருதுவதில்லை.

இலங்கையில் ஏணி இல்லை என்று சொல்லவும் முடியாது. பயிலுநர் பயிற்சிக்கான சட்டம் 1971இலேயே வந்துவிட்டது. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. அதற்கென இரத்மலானையில் 2008ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமே உண்டு. கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் திறக்கப்பட்டது. ஏணி இருக்கிறது, எந்தச் சுவரில் அதனைச் சாத்துவது என்ற சிந்தனைதான் இல்லை.

ஆகவே, சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சியின் எவ்வளவு பகுதி உண்மையான வேலைத்தளத்தில் நடக்கும்? கிடைப்பது தேசிய தொழிற் தகைமையின் எத்தனையாம் மட்டம்? அதற்கு மேலே படிக்க வழியுண்டா? இவற்றுக்கு நேரான பதில் தராமல், பளபளக்கும் அட்டையில் 'டிப்ளோமா' என்று அச்சடித்துக் காசு கறக்கும் நிலையங்களின் படியேறாதீர்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். ஊரிலுள்ள மருமகனை எடுப்பிப்பதற்கு முகவரிடம் இலட்சங்களைக் கொட்டுமுன், அவன் எந்தத் தொழிலைப் பழக விரும்புகிறான் என்று தொலைபேசியில் கேளுங்கள். அவன் ஒரு தொழிலின் பெயரைச் சொல்லட்டும், அதற்கான காரணத்தையும் சொல்லட்டும். 'ஏதாவது' என்றானாயின், குற்றம் அவனுடையதன்று. அந்தச் சொல்லை அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமே.